விசாலத்தின் வெள்ளை ஐரிஸ்

விசாலம் போய்விட்டாள் என்று அவள் மாடி வீட்டு ரமணி சார் போனில் சொன்னபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அவளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. துக்க வீடுகளுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. தில்லி லோதி ரோடு ஆபீஸில் எங்களோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய வெள்ளை ஐரிஸ் பூச்செடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிம்லாவில் போஸ்டிங் இருந்தபோது, ஆபீஸ் தோட்டக்கார மாலி புது வண்ண ரகங்களுக்கு இடம் வேண்டுமென்று பழைய கிழங்குகளைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தானாம். இவள் புடவைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தாள். நூறு வருஷத்துக்கும் மேலான ரகம். இடுப்புயரத் தண்டு, அகலமான வெள்ளை இதழ், கீழிதழில் தாடி மாதிரி மஞ்சள் ரோமம். "நம்ம கதைதான்டி. புதுசு வந்தா பழசைத் தூக்கிப் போட்டுடுவா" என்பாள்.

ரிடயரானபின் கோல் மார்க்கெட் பக்கம் தரைத்தள வீட்டுக்கு வந்து, வாசலில் அதை நட்டாள். ஐரிஸ் கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே வெயிலில் காய வேண்டும். தண்ணீரும் அளவோடுதான். நம் ஆட்களுக்கு இது புரியாது. மஞ்சளும் சேம்பும் வைத்த கை. கிழங்கு வெளியே தெரிந்தால் மண் அணைக்கத் தோன்றும். போன கோடையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரமணி சார் அதைத்தான் செய்தார். மண்ணை அணைத்து, மழை பெய்த நாளில்கூட வேளை தவறாமல் தண்ணீர் விட்டார். அவள் திரும்புவதற்குள் பாத்தி முழுக்க அழுகி நாறியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விசாலமோ பிரம்பு மோடாவில் உட்கார்ந்து கத்தியைக் கேட்டாள். அழுகலை அறுத்தெறிந்து, விரல் கனத்துக்குத் தேறிய துண்டுகளை வெயிலில் உலர்த்தி மறுபடி நட்டோம். ரமணி சார் தலைகுனிந்து நின்றார். "விடுங்கோ சார், பிரியமாத்தானே பண்ணினேள். இதுக்குப் பிரியம் ஜாஸ்தியானா ஆகாது, அவ்வளவுதான்" என்றாள்.

பிரியம் ஜாஸ்தியானது அவளுக்கும் ஆகவில்லை. வீட்டில் கூட்டம் ஓயவே இல்லை. கஷாயம், விபூதி, யாருக்கோ குணமாக்கிய வைத்தியர் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தோம். ஒருநாள் எல்லோர் எதிரிலும், "என்மேல மண்ணைப் போட்டு மூட இன்னும் நாள் இருக்கு. கொஞ்சம் வெயில்ல உட்கார விடுங்கோ" என்றாள். அதோடு கூட்டம் நின்றது.

பிறகு நான் மட்டும் போவேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை. என் முகம் கோணும்போதெல்லாம், "மார்ச்ல பூக்கும். சேர்ந்து பார்க்கலாம்" என்பாள். நானும் அசடு மாதிரி மார்ச்சுக்காகக் காத்திருந்தேன். பிப்ரவரியிலேயே போய்விட்டாள்.

மார்ச்சில் இலை மட்டும்தான் வந்தது. அவள் வழக்கமாகப் போகும் நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவது போலக் கேட்டேன். "அத்தனை சின்னத் துண்டு முதல் வருஷம் பூக்காது, மேடம்ஜிக்குத் தெரியுமே, எனக்கே அவங்கதானே சொன்னாங்க" என்று இந்தியில் சொன்னார். உரமூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

என்னிடம் இப்போது அவளுடைய கிழங்குத் துண்டு ஒன்று இருக்கிறது, பால்கனித் தொட்டியில். அது எப்போது பூக்குமோ, அதைப் பார்க்க எனக்குத் தெம்பிருக்குமோ, தெரியாது. இன்னொன்று, மார்ச்சில் பூக்கும் என்று அவள் சொன்ன அந்தப் பொய். அதை நம்பித்தான் ஒரு குளிர்காலம் முழுக்க அவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.