பதினான்கு நாள் மாத்திரை

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சரிபார்க்காமல் எதையும் பெட்டியில் ஏற்றவிடாத பெண் என்று அங்கே எனக்குக் கெட்ட பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் குடியிருக்கும் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டை மதிலோரம் சுருண்டு கிடந்த நாயைத் தூக்கி வந்தபோது, அதையும் ஒரு செக்லிஸ்ட்டில் அடக்கிவிடலாம் என்றுதான் நம்பினேன்.

பழுப்பு நிறப் பெட்டை. காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி, முதுகில் பாதி முடி இல்லை, ஈறு வெளுத்திருந்தது. செங்கல்பட்டில் கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்றார். இருபத்தெட்டு நாள் மாத்திரை, ஒரு நாள் விட்டாலும் ஆபத்து, நடுவில் ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் போனில் அட்டவணை போட்டுவிட்டேன்.

என் வீட்டு ஓனருக்கு நாய் ஆகாது. பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் அக்கா, வலை போட்டு வைக்கும் தன் கொட்டகையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் நான் போட்ட படத்துக்கு ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். வளர்க்கிறேன் என்றவர் ஒருவர்தான்: அணுபுரத்தில் குடியிருக்கும் விஞ்ஞானி. அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் இருந்தது. அதனால் முழுக்கக் குணமான பிறகுதான் கூட்டிப்போவேன், தினமும் நிலவரம் சொல்லுங்கள் என்றார். நிலவரம் சொல்வது எனக்குச் சர்க்கரைப் பொங்கல்.

காலை ஆறரைக்கு வேகவைத்த மத்தி மீனுக்குள் மாத்திரையைச் செருகிக் கிண்ணத்தில் போடுவேன். நாய் வாயில் கவ்வும். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். ஓடுவேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அட்டவணையில் பச்சை டிக், அணுபுரத்துக்கு ஒரு செய்தி. மருந்தைப் பாதியில் நிறுத்தும் மனிதர்களைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்கு ஒரு சொற்பொழிவு.

பதினைந்தாம் நாள் இரத்தம் முன்பைவிட மோசமாக இருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று மருத்துவர் கேட்டார். பதினான்கு பச்சை டிக்கையும் காட்டினேன். அவர் போனைப் பார்க்காமல் நாயைப் பார்த்தார்.

திரும்பி வந்து கொட்டகையைக் கழுவ வலையை நகர்த்தினேன். அடியில், ஊறி உப்பிய மாத்திரைகள். எண்ணத் தைரியமில்லை.

அக்கா ஆச்சரியப்படவேயில்லை. "தெனம் மாத்திரைய துப்பிட்டு மீன மட்டும் துன்னுகினு கீது. படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாமயா பூடும்னு வுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ எங்க நின்ன? ஆரன் சத்தம் கேட்டா ஓடிப்பூடுவ."

அணுபுரத்துக்கு மூன்று செய்தி எழுதி மூன்றையும் அழித்தேன். ஒன்றில் பழியை ஆய்வகத்தின் மேல் போட்டிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அவர் வேண்டாமென்றால் நாய்க்குத் திரும்பக் கோட்டை மதில்தான். ஆனால் நோயோடு அனுப்பினால் அந்தக் கிழட்டு நாய்க்கும் சேர்த்து ஆபத்து. கடைசியில் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "கொடுத்ததைக் குறிச்சிருக்கீங்க. முழுங்கினதைக் குறிக்கலை," என்றார். "ஆமா, கம்பெனியில நீங்க எந்தப் பார்ட்டைச் சோதிக்கறீங்க?"

"பிரேக், சார்."

அவரிடம் கார் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"முதல் நாள்லேர்ந்து ஆரம்பிங்க. நாங்க காத்திருக்கோம்."

இந்த முறை அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டார். தாடையைத் திறந்து, நாக்கின் உள்கோடியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவுவார். அது விழுங்கி நாக்கை வெளியே நீட்டிய பிறகுதான் மீன். என் வேலை, பின்னங்கால்கள் நழுவாமல் பிடித்துக்கொள்வது. இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். பக்கத்து சீட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

இருபத்தெட்டு நாள் முடிந்து எடுத்த இரத்தத்தில் குறையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அணுபுரத்தார் குடும்பத்தோடு வந்து கூட்டிப்போனார்கள். காரில் ஏறும்போது நாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தது.

போன வாரம் அணுபுரத்திலிருந்து செய்தி வந்தது: "பூச்சி மாத்திரை, தயிர்சாதத்தில். வாயைத் திறந்து பார்த்தேன், இல்லை. தட்டைச் சுற்றிப் பார்த்தேன், இல்லை. சோபாவுக்கு அடியிலும் இல்லை." கூடவே சோபா அடியின் புகைப்படம்.