மாமா உட்கார்ந்தால்தான் தாளம்

டீ ஆறுவதற்குள் டம்ளரின் விளிம்பு, மேசையின் ஓரம், சர்க்கரை டப்பாவின் மூடி, பக்கத்தில் கிடைத்த என் முழங்கால் என்று ஒரு சுற்று தட்டி முடித்துவிடுகிறான். காலை நகர்த்திக்கொண்டால் முகம் சுண்டிவிடும். "நான் இல்லண்ணே, கை," என்பான், யாரோ அந்தக் கையை அவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதுபோல. ஆளுக்கு முப்பது தாண்டிவிட்டது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளித்தான் போடுவான். பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஜோடிக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மறந்து உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்திருப்பான். என் தலைக்கு நேர் மேலே, மாடி வீட்டில், அக்காவோடு இருக்கிறான். அந்த அம்மாள் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும், அவனைவிடச் சின்னவர்களுக்கும்கூட, அவன் தம்பியாகிவிட்டான்.

பக்கெட் வாங்கக் கடைக்குப் போனால் அத்தனை பக்கெட்டையும் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்ப்பான். ஓட்டை தேடுகிறான் என்று நினைத்துக் கடைக்காரர் சத்தியம் செய்ய ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டில் வழுக்கைத் தலை வந்து உட்கார்ந்தால், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு இறங்குகிற இடம்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவான். இவ்வளவு தட்டுகிறவனுக்குச் சத்தம் ஆகாது என்பதுதான் வேடிக்கை. பிறந்தநாள் வீட்டில் பலூனைக் கண்டால் செருப்பைத் தேடுவான். இவன் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்போது எங்கே திரும்பினாலும் ஓடிக்கொண்டிருக்கிறதே ஒரு ஆல்பம், அதில் அடிப்பது இவன்தான்.

அந்த ஆல்பத்துக்கு நானும் ஒரு காரணம். அட்டையில் என் பெயர் இல்லை என்பது வேறு விஷயம். முன்பு ஒருமுறை தம்பி முழு டிரம்ஸ் செட்டை வாங்கி வந்து மாடியில் பரப்பினான். ஒரே ஒரு நாள் வாசித்தான். என் வீட்டு மின்விசிறி சுவிட்சைப் போடாமலே ஆடியது. நான் கட்டடத்துச் சங்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். மறுநாளே செட் இறங்கிப் போய்விட்டது. இதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அவன் சோஃபாவுக்கு வந்தான். மாடி வீட்டுக் கூடத்தில் கிடக்கும் பழுப்பு நிற சோஃபா. மூன்று பேர் உட்காரலாம். வலது கைப்பிடியில் பஞ்சு தேய்ந்து கட்டை தட்டுப்படும். அங்கே அடித்தால் 'டக்'. நடு மெத்தையில் அடித்தால் 'தும்'. உள்ளே எங்கோ கழன்றுபோன ஒரு ஸ்பிரிங் ஒவ்வொரு அடிக்கும் 'ச்சிங்' என்று பின்பாட்டுப் பாடும். எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அடிக்கட்டையைப் பாதத்தால் உதைத்தால் அதுதான் பெரிய டிரம். இடது ஓரம் மட்டும் அவனுக்குக் கிடையாது. அங்கே மாமா இருப்பார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது உத்தியோகம். ஆடுகிறது, அதிர்கிறது என்றாலே அவருக்குப் பழுதுதான். மச்சினனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார். ஒரு காலத்தில் தன் ஆஃபீஸிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். தம்பி ஓடுகிற லிஃப்ட்டுக்குள் நின்று சுவரைத் தட்டிக்கொண்டே போக, ஏதோ அறுந்துவிட்டது என்று கூட வந்தவர்கள் அலற, ஒரு பெரிய மனிதர் மயக்கம் போட, வேலை போயிற்று. அன்றிலிருந்து மாமா அவனிடம் நேராகப் பேசுவதில்லை. எதிரிலேயே இருந்தாலும், "உன் தம்பிகிட்ட சொல்லு, குச்சி என் பேப்பர்ல படுது," என்று குரல் சமையலறைக்குத்தான் போகும். ஆனால் வீட்டைவிட்டுப் போ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாலையில் வந்து வலது காலை மடித்து, இடது பக்கம் சாய்ந்து, பேப்பரை விரிப்பார். இவன் தட்டத் தொடங்குவான். கீழே நான் துடைப்பக் கட்டையை எடுத்து மேல்தளத்தை இடிப்பேன். இப்படித்தான் எங்கள் மாலைகள் கழிந்தன.

இசைக்குழுவுக்குத் தலைவர் பாடகர். இருட்டு அறையிலும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். ஆல்பம் போடுவது என்று முடிவாகி, ஸ்டுடியோவில் பளபளவென்று ஒரு டிரம்ஸ் செட்டின் முன்னால் தம்பியை உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைமாற்று கேட்க வந்தவன் கதவைத் தட்டுவதுபோலத் தட்டியிருக்கிறான். கொஞ்சம் பலமாக அடித்தால் அந்தச் சத்தத்துக்கு அவனே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். கண்ணாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு தாள மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அது டீ கேட்காது, தாமதமாக வராது. "வெள்ளிக்கிழமைக்குள்ள உனக்குக் கை வரலன்னா, உன் இடத்துல இதுதான்," என்று சொல்லிவிட்டார்.

தம்பி நேராக என் வீட்டுக்கு வந்தான். அன்று டம்ளரைத் தட்டவில்லை, டப்பாவைத் தட்டவில்லை. "வேற எந்த வேலைக்கும் நான் ஆக மாட்டேண்ணே. இதுவும் போச்சுன்னா மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்," என்றான். எனக்கே பாவமாகிவிட்டது. முழங்காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவன் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஸ்டுடியோவின் ஒலிப்பதிவுக்காரப் பெண்மணி வந்தார். அவருக்குக் காதுதான் வேலை செய்யும். வாய்க்கு எப்போதும் விடுமுறை. தம்பி மறந்து வைத்துவிட்டுப் போன குச்சிகளைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார். மேலே தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வழக்கம்போல இடித்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்தவர் என் வாசலில் நின்றார். வெட்கப்பட்டு நான் கட்டையை இறக்கினேன். "நிறுத்தாதீங்க, சரியா விழுது," என்று சொல்லிவிட்டு, மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

அவர் போய் என்ன சொன்னாரோ, மறுநாள் பிற்பகலில் மைக்கும் ஒயரும் பெட்டியுமாகக் குழு முழுவதும் மாடிக்கு வந்தது. கண்ணாடிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தம்பி முக்காலியில் உட்கார்ந்து அடித்தான். 'தொப்' என்றது. மறுபடியும் அடித்தான். 'தொப்'. ஸ்பிரிங் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள், சோஃபாவைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தார்கள். தலைகீழாக நின்றும் பயனில்லை. அக்கா கையைப் பிசைந்துகொண்டு, இதே சோஃபாதான், இதே தம்பிதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மெஷினை வெளியே எடுத்து, பிளக் செருக இடம் தேட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் மாமா ஆஃபீஸிலிருந்து வந்தார். கூடத்தில் நின்ற கூட்டத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஷூவைக் கழற்றினார், ஒயர்களைத் தாண்டினார், வலது காலை மடித்தார், இடது ஓரத்தில் சாய்ந்தார், பேப்பரை விரித்தார். நம்பிக்கை போனவனாகத் தம்பி சும்மா ஒரு தட்டுத் தட்டினான். 'டக்'. கூடவே 'ச்சிங்'. எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாமாவைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, அதே இடத்தில் கிட்டார்க்காரரை உட்கார வைத்தார்கள், எடை போதவில்லை. அவர் மடியில் இன்னொருவரை உட்கார வைத்தார்கள். இருவரும் நெளிந்ததில் சோஃபா முனகியது. கல் நிரப்பிய பெட்டியை வைக்கலாமா என்று கேட்டதற்கு அக்கா முறைத்தாள். கடைசியில் என்னைக்கூட உட்காரச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சாய்வு வரவில்லையாம். அந்த உடம்பு, அந்தச் சாய்வு, அந்த மடித்த கால் மூன்றும் சேர்ந்து அழுத்தினால்தான் உள்ளே கட்டை இழுபட்டு ஸ்பிரிங் பேசுகிறது என்று ஒலிப்பதிவுக்காரப் பெண்மணி கண்டுபிடித்தார். அக்கா போய்க் கணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் எங்கயும் போகல. பேப்பர்தான் படிக்கிறேன். உன் தம்பிகிட்ட சொல்லு, பண்றதைப் பண்ணிக்கட்டும்," என்றார் மாமா.

முழு ஆல்பமும் அந்தக் கூடத்தில்தான் பதிவாயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு தும்மல் கேட்கும், அது மாமாவுடையது. எடுத்துவிடலாம் என்று கண்ணாடி சொல்லியும் பெண்மணி விடவில்லை. இப்போது அந்த இடம் வந்தால் ரசிகர்கள் சேர்ந்து தும்முகிறார்கள். மூன்றாவது பாட்டில் தூரத்தில் மொட்டையாக ஒரு சத்தம் வரும். அது என் துடைப்பக் கட்டை. பக்கத்துத் தெருப் பல் டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது அந்தப் பாட்டைத்தான் போடுகிறார். ஒரு விமர்சகர், நான்காவது பாட்டில் வரும் சலசலப்பு காய்ந்த இலைகளின் தனிமையைச் சொல்கிறது என்று எழுதினார். மாமா அதைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு, அது விளையாட்டுச் செய்திப் பக்கம் என்று திருத்தினார்.

பிறகு திறந்தவெளி மைதானத்தில் பெரிய கச்சேரி. சோஃபாவை லிஃப்ட்டில் ஏற்ற மாமா சம்மதிக்கவில்லை, எடை கூடுகிறதாம். படி வழியாகவே தூக்கிக்கொண்டு போனோம். அந்த வகையில் மேடையோரம் நிற்க எனக்கும் இடம் கிடைத்தது. ஆல்பம் வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். ஊர் ஊராகப் போக அவர்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மேடை ஏறும் முன் கண்ணாடி தம்பியை ஓரமாக அழைத்துப் போனார். "கடைசிப் பாட்டுல ஜனங்க தொண்டை கிழியக் கத்தணும். கத்தலன்னா அடுத்த ஊருக்கு சோஃபா வராது, மெஷின்தான் வரும்," என்றார். மெஷின் மேடையிலேயே ஒரு ஸ்டூல்மேல் தயாராக இருந்தது.

நன்றாகத்தான் போயிற்று. தம்பி வாசித்த வாசிப்பில் நானே தலையாட்டினேன். மாமா அன்று காலையிலிருந்து ஒரு கட்டடத்தில் சிக்கிக்கொண்ட லிஃப்ட்டோடு மல்லுக்கட்டி, அதில் மாட்டியவர்களை வெளியே எடுத்துவிட்டு, சாப்பிடாமல்கூட நேராக வந்து மேடையில் சோஃபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவான பாட்டு ஒன்று வந்தது. அது முடிந்தபோது அவருடைய தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. பேப்பர் மடியிலிருந்து நழுவி மேடையில் கிடந்தது.

கடைசிப் பாட்டுக்குக் கண்ணாடி இரண்டு கைகளையும் உயர்த்தினார். மைதானம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. தாளம் மாமாவை எழுப்பாது. வருடக்கணக்காக அதில் தூங்கிப் பழகியவர். கூச்சல் எழுப்பிவிடும். தம்பி ஸ்டூல்மேல் இருந்த மெஷினைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்து, கையில் கறுப்பு மசகு அப்படியே இருக்க, அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேண்டாமடா, உன் பிழைப்பைப் பார் என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

தம்பி முக்காலியிலிருந்து எழுந்தான். கண்ணாடியைப் பார்த்து, முதல் வரிசையைப் பார்த்து, அதற்குப் பின்னால் இருட்டில் நின்ற அத்தனை ஆயிரம் பேரையும் பார்த்து, வலது கைக் குச்சியை நிமிர்த்தி உதட்டின்மேல் வைத்தான்.