குறை எழுதும் கொப்பி

ஸ்டெல்லா, அந்தோணி, இந்த ஊரிலும் காலையில் ஒரு பெரட்டு நடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் நிற்பது போலவே எல்லாரும் வரிசையாக நிற்கிறோம். ஆனால் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவதில்லை. பேராசிரியர் கையில் தேத்தண்ணியோடு வந்து, "நேற்று ஆஸ்பத்திரியில் என்ன குறை கண்டீர்கள்?" என்று கேட்கிறார். குறை சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்கிறது. நிறையச் சொன்னவருக்குக் கைதட்டல் வேறு.

அப்பா கண்டுபிடிப்பாளர் பயிற்சிக்கு இங்கிலாந்து போயிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடிக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். மருத்துவக் கருவிகளைப் புதிதாக உருவாக்கக்கூடியவர்களைப் பல நாடுகளிலிருந்து பொறுக்கி ஒரு வருடம் பழக்குகிறார்கள் என்பது உண்மைதான். மற்றவர்கள் டாக்டர்கள், எஞ்சினியர்கள். நான் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்து, பதுளையில் ஆஸ்பத்திரி மெஷின் திருத்துகிற முப்பத்தெட்டு வயதுக்காரன். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சூடு அளக்கும் கருவியை வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்தேன். அதைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா, "நீர் பேசாம இரும், நான் எழுதி அனுப்புறன்" என்று விண்ணப்பத்தை அவரே எழுதினார். என் பங்கு கையெழுத்து மட்டும். அதுவும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பயிற்சியின் முதல் வேலை, வார்டில் நின்று பார்ப்பது. எந்த மெஷினையும் தொடக்கூடாது, திருத்தக்கூடாது. குறைகளைக் கொப்பியில் எழுத வேண்டும். என் முறை வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து நின்று, "நோ ப்ரொப்ளம், சேர்" என்றேன். மூன்று வாரம் இப்படியே. அவர் என்னை நல்ல பிள்ளை என்று நினைப்பதாக நான் நினைத்தேன். அவர் என்னைக் கண் தெரியாதவன் என்று நினைத்திருக்கிறார்.

உங்கள் தாத்தா ஒருமுறை பெரட்டில், நாங்கள் இருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத் துரையிடம் சொன்னார். அடுத்த ஒரு மாதம் அவரை மட்டும் தூர மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள். கூரை அப்படியே ஒழுகியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஒண்ணும் கொறையில்லீங்க.

மூன்றாம் வாரக் கடைசியில் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொப்பியில் முப்பது குறைகள் இல்லாவிட்டால், என் இடம் காத்திருக்கிற வேறொருவருக்குப் போகும். நான் ஊருக்குத் திரும்பலாம் என்றார். மாலை போட்டு ரயிலேற்றிய சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிற்றுக்கிழமை பதுளை கொமியூனிகேஷன் கடைக்குப் போன் எடுத்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கொறை சொல்லவா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனாங்க? எங்க அண்ணிய அனுப்பியிருந்தா ஒரே நாள்ல ரெண்டு கொப்பி ரொப்பியிருப்பாங்களே."

"நான் என்னத்தப் புள்ள எழுத? இங்க எல்லாமே பளபளன்னு இருக்கு."

"கண்ணால கண்டத எழுதுங்க. அங்கயும் போயி தலையாட்டிட்டு வந்துறாதீங்க."

வியாழக்கிழமை வரை கொப்பி வெள்ளையாகவே இருந்தது. நான் நின்ற வார்டில் ஏழாம் கட்டிலில், முன்பு பஸ் ஓட்டிய ஒருவர். ஒரு கை மாவுக்கட்டில், மற்றக் கையில் சேலைன் ஏற்றும் மெஷின். முழங்கை மடங்கினால் குழாய் அடைபட்டு மெஷின் கத்தும், நர்ஸ் ஓடி வருவாள். அதனால் மனிதர் கையை மடக்குவதே இல்லை, பலகை போல நீட்டியே வைத்திருந்தார். "இதுதான் தங்கமான கட்டில், ஒரு தொந்தரவும் இல்லை" என்று நர்ஸ் மெச்சினாள். அவர் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை நிறைந்தபடி இருந்தது. தொடக்கூடாது என்ற சட்டம் மெஷினுக்குத்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கோப்பையை அவர் வாயில் பிடித்தேன். ஒரே மூச்சில் காலி.

"சிஸ்டரிடம் சொல்லாதே. பாவம், அவள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறாள்" என்றார்.

ஸ்டெல்லா, நீ பிறந்த அன்று அம்மாவுக்கு ஏறிய சேலைன் நரம்பை விட்டு விலகி, கை பணிஸ் போல வீங்கிவிட்டது. டாக்டர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கையைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க ஐயா" என்றாள். பக்கத்தில் நின்ற நானும், மெஷின் திருத்துகிறவன், தலையாட்டினேன். அம்மாவின் கையிலிருக்கும் தழும்பு அடுப்புச் சூடு பட்டதல்ல. இவ்வளவு காலமும் உங்களிடம் பொய் சொன்னோம்.

நேரே நர்ஸிடம் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையின் முதல் முறைப்பாடு அது. அவள் உடனே நீளமான ஸ்ட்ரோ ஒன்றைக் கோப்பையில் போட்டு அவர் வாய்க்கு எட்டும்படி வைத்தாள். அவர் உறிஞ்சிக்கொண்டே என்னை முறைத்தார்.

மறுநாள் என் கொப்பியில் ஒரே ஒரு குறை இருந்தது: கத்துகிற மெஷினுக்கு ஆள் ஓடுகிறது, தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று தாகத்தை மறைக்கிறவரை எந்த மெஷினும் கண்டுகொள்வதில்லை. பேராசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"மற்ற இருபத்தொன்பது எங்கே?"

"இந்த ஒன்றுக்கே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, சேர்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பயிற்சிக் குழு இந்தக் குறைக்கே ஒரு கருவி செய்யட்டும் என்றார். கொப்பியைத் திருப்பித் தரும்போது, மிச்சத்தைத் திங்கட்கிழமை கேட்பேன் என்றும் சொன்னார்.

விடுதிக்குத் திரும்பினேன். வந்த நாள் முதல் என் அறை ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டு சுவெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். விடுதிக்காரர் படியில் கண்டு எல்லாம் சரியா என்று கேட்டபோதெல்லாம், சரி என்றேன். அன்று யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறங்கி, வாசலில் தொங்கிய முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். 'ஹீட்டர் வேலை செய்யவில்லை, சேர். அவசரமில்லை, சேர்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியை முழுதாக அடித்தேன். முதல் வரியில் இருந்த 'சேர்' மேல் பேனையை வைத்தேன். அதை அடிக்கக் கை வரவில்லை.