முதலாளியின் அழுக்கு மெத்தை

ஓட்டலில் எல்லோருக்கும் அவள் பளிச்சக்கா. ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். முந்தின இரவு அங்கே ஒரு ஆள் தூங்கினார் என்பதற்கு ஒற்றைத் தலைமுடிகூடச் சாட்சி இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். வீட்டிலும் அதே கதைதான். மகள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குக் கிளம்பிய அன்று சாயங்காலமே அவள் அறையிலிருந்த போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ஊறப்போட்டுத் துவைத்துவிட்டாள். மறுநாள் அந்தத் தலையணையில் முகம் வைத்துப் பார்த்தாள். சோப்புத்தூள் வாசனைதான் அடித்தது. தன் கையாலேயே மகள் வாசனையைத் துவைத்துவிட்டோமே என்று அன்றைக்குக் கொஞ்சம் அழுதாள்.

அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகள் ஒரு குள்ள ஹாம்ஸ்டர் எலியைக் கூண்டோடு வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆண்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சாப்பாடு. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் அதற்கு முதலாளி என்று பேர் வைத்தார்.

இரண்டாவது வாரம், ஒரு மதியம், முதலாளி ஏழு குட்டி போட்டது.

வேலை முடிந்து வந்தவள் பார்த்தபோது கூண்டு மூலையில் ஓடு உரித்த நிலக்கடலை மாதிரி ரோஸ் நிறத்தில் ஏதோ நெளிந்தது. கூடவே, கூண்டில் படுக்கையாகப் பரப்பியிருந்த மரத்தூளின் ஈர நாற்றம். பச்சைக் குழந்தைகள் இந்த நாற்றத்திலா கிடப்பது? அவளுக்குக் கை பொறுக்கவில்லை. ஓட்டல் கையுறையை மாட்டிக்கொண்டு முதலாளியை ஒரு வாளியில் விட்டுவிட்டு, குட்டிகளைத் துணியில் எடுத்து வைத்தாள். கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, புது மரத்தூள் பரப்பி, தாயையும் குட்டிகளையும் திரும்ப உள்ளே விட்டாள். பழையதைப் பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திருப்தியாக மேலே வந்தாள்.

முதலாளி கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. குட்டிகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன. ஒன்று கடிபட்டுச் செத்திருந்தது. நாய் பூனைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. கூண்டை நல்லா கழுவி, புது மரத்தூள் போட்டு வெச்சேன். அது குட்டியைக் கடிக்குது."

"அதுதாங்க தப்பு. அவளுக்கு எல்லாமே வாசனைதான். இப்ப அது அவ வீடும் இல்லை, அவ பிள்ளைங்களும் இல்லை. பழைய மரத்தூள் எங்கே?"

"குப்பையில."

"போய் எடுத்துட்டு வந்து கூண்டுக்குள்ளேயே போடுங்க. ஒரு கரண்டியை அதுல நல்லா புரட்டி, குட்டிங்களை அதால ஒரே இடத்துல சேருங்க. கூண்டைத் துணியால மூடி, கொஞ்சம் அவிச்ச முட்டை, தண்ணி வெச்சிட்டு நகர்ந்துடுங்க. ரெண்டு வாரத்துக்குக் கை வைக்கக் கூடாது."

இருபது வருஷமாகக் குப்பையை வெளியே கொண்டுபோனவள் முதல் தடவையாக உள்ளே கொண்டுவந்தாள். இடுப்புவரை தொட்டிக்குள் தொங்கியவளைப் பார்த்து, அப்போதுதான் வந்து இறங்கிய வீட்டுக்காரர் வேன் சாவியோடு அப்படியே நின்றார்.

"என்னத்தைத் தொலைச்ச?"

"முதலாளியோட மெத்தையை."

டாக்டரம்மா சொன்னபடியே செய்தாள். கூண்டைத் துணியால் மூடியபின் இருவரும் அடுத்த அறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துணியின் ஓரத்தைத் தூக்கினாள். பழைய மரத்தூளைக் குழித்து முதலாளி படுத்திருந்தது. வயிற்றுக்கடியில் ஆறும் முட்டிக்கொண்டிருந்தன. அவள் கும்பிட்டாள். கடவுளையா அந்தத் தாயையா என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை.

அதன்பின் பதினான்கு நாள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. நாற்றம் நாளுக்கு நாள் ஏறியது. அரிப்பெடுத்த கையை அடக்க அடுப்படியை ஒரே நாளில் மூன்று தடவை துடைத்தாள். ஆனால் கூண்டைத் தொடவில்லை. தீனி வைக்கும்போதெல்லாம், "தாயே, என்னை நம்பி மறுபடியும் படுத்தியே, அது போதும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பதினைந்தாம் நாள் மகள் விடுமுறைக்கு வந்தாள். ஆறு குட்டிகளும் கண் திறந்து, கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்து அவளைப் பார்த்தன. அன்றைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து கூண்டைச் சுத்தம் செய்தார்கள். பழைய மரத்தூளில் இரண்டு கைப்பிடி மறக்காமல் உள்ளேயே விட்டார்கள்.

இரண்டு நாள் இருந்துவிட்டு மகள் திரும்பிப் போனாள். கட்டிலில் போர்வை சுருண்டு கிடந்தது. தலையணை உறையில் எண்ணெய்க் கறை. சாயங்காலம் துணி துவைக்கும் சத்தம் கேட்காததால் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் மகளின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதை ஊறப்போடலையா?"

"இருக்கட்டுங்க. ரெண்டு வாரத்துக்குக் கை வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."