ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆற்றுச் சரிவில்

சென்னையில் மலை ஏது, மலைச் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. முதலில் கேட்டவன் என் அண்ணன். வண்டியும் அவனுடையதுதான். தொண்ணூறுகளின் நடுவில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனபோது, தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த அந்தச் சிவப்பு வண்டியை மயிலாப்பூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டுப் போனான். அங்கே போய்ப் படங்கள் அனுப்பினான். பைன் மரக் காட்டுக்குள் ஒரு மண் தடம், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே இன்னொன்று, கீழே ஆறு மின்னும் பள்ளத்தாக்கின் ஓரமாக மற்றொன்று. எல்லாவற்றிலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இவன் நிற்கிறான். கடிதத்தின் கடைசியில், 'என் வண்டியை நீ ஓட்டுகிறாயாமே, லஸ் கார்னரில் ஏதாவது மலை முளைத்திருக்கிறதா?' என்று ஒரு வரி. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, மூக்கு நுனியில் கோபம். அந்தக் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை.

அம்மாவுக்கு நான் அந்த வண்டியில் ஏறுவதே பிடிக்காது. "ஆம்பளை வண்டி. நடுவுல கம்பி வேற. பார்க்கறவா என்ன நினைப்பா?" என்பாள். பார்க்கிறவர்கள் வேறு வேலை இல்லாதவர்கள் என்பேன் நான். ஒரு மாதம் இப்படியே வாதாடி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "ஒரே ஒரு தரம் விழுந்துட்டு வந்தேன்னு வை, மறுநாளே வண்டி மாம்பலத்துக்குப் போயிடும். உங்க சித்தப்பா பிள்ளை எப்போ எப்போன்னு கேட்டுண்டிருக்கான்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் மூன்று நாள் மட்டம் போட்டேன் என்பதற்காக வீணை வகுப்பையே நிறுத்தியவள் அவள். வண்டி போய்விட்டால் எனக்குக் கல்லூரி பஸ், கோயில், வீடு, அவ்வளவுதான் ஊர். வண்டி இருந்தால் அடையாறு, பெசன்ட் நகர், நினைத்த இடம். அதனால் விழவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டவள் ஆற்றங்கரைக்கு ஏன் போனாள் என்றால், அதற்குக் காரணம் என் வகுப்புத் தோழி. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி அவள் வீடு. அவளுடைய அப்பாவுக்குச் சலவைத் தொழில். துணி மூட்டை கட்டுவதற்காகப் பெரிய கேரியர் வைத்த அவருடைய கறுப்பு சைக்கிளைத்தான் அவள் ஓட்டுவாள். அண்ணனின் கடிதத்தை அவளிடம் காட்டினேன்.

"உங்கண்ணன் இன்னாடி இவ்ளோ பீலா உடறாரு? காடு, பள்ளம், ஆறு மூணும் எங்க வூட்டாண்டயே கீது. ஞாயித்துக்கெழம வா, காட்றேன்" என்றாள்.

போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் முதலில் துணி காயும் கொடிகள். ஈர விரிப்புகளுக்கு அடியில் தலையைக் குனிந்து போக வேண்டும். அதைத் தாண்டினால் சீமைக் கருவேலங்காடு, நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம். காட்டில் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. டயரில் தைத்த முள்ளை நான் பிடுங்கப் போனபோது அவள் கையைத் தட்டிவிட்டாள். "புடுங்காதடி! பஞ்சர் கடை வர்ற வரைக்கும் அதான் மூடி." காட்டுக்கு அப்புறம், மழைத் தண்ணீர் ஆற்றுக்கு ஓடி ஓடி அறுத்த ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு மண் சுவர், நடுவே ஒரு சைக்கிள் போகிற அகலம். கடைசியில் சரிவு. மேட்டிலிருந்து தடம் நேராக ஆற்றை நோக்கி இறங்கும். கீழே ஒரு மொட்டைப் பனைமரம். அதற்கு முன்னால் பிரேக் பிடித்து இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆறுதான். ஆறு என்றால் அண்ணன் படத்தில் மின்னுகிற ஆறு இல்லை. கறுப்பாக இருக்கும், நாறும். ஆனால் காலை ஏழு மணிக்கு அதிலும் கொக்கு நிற்கும்.

அந்தச் சரிவில் அவள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். பாதி வழியில் சீட்டை விட்டுப் பின்னால் நகர்ந்து கேரியர் மேலேயே உட்கார்ந்துவிடுவாள். உடம்பு பின்னால் போனால் வண்டி குப்புறக் கவிழாது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதே வித்தையை அமெரிக்காவில் ஒரு மலைச் சைக்கிள் வகுப்பில் தான் கற்றதாக அண்ணன் பிறகு ஒரு கடிதத்தில் பெருமையாக எழுதினான். நான் சிரித்துக்கொண்டேன். ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒரு முறைகூட விழவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அருவாமனை, கத்தரிக்கோல், தையல் மெஷின், வீணை எல்லாம் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவது வழக்கம். அந்த வருடம் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், வரிசையின் கடைசியில் என் சிவப்பு வண்டி நிற்கிறது. அம்மாவே மாடிப்படிக்கு அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சேறு போகக் கழுவி, துடைத்து, இரண்டு சக்கரமும் கண்ணாடி மாதிரி மினுமினுவென்று இருந்தன. பிரேக் கட்டைகளுக்குக்கூட ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. அம்மா வாயால் சொல்ல மாட்டாள். வண்டியை வீட்டில் சேர்த்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

பூஜையில் வைத்த எதையும் அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். வீணையை எடுத்து நாலு வரி வாசித்தேன். பிறகு அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் பிரேக் பிடித்தபோது வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. ராத்திரி தூறல் போட்டிருந்தது, ரோடு ஈரம் என்று நினைத்தேன். இறங்கிப் பிரேக் கம்பியை ஒரு சுற்று முறுக்கிவிட்டேன். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். புத்தி வந்தால்தானே!

சரிவில் என் தோழி முதலில் இறங்கிக் கீழே நின்றாள். நான் பாதி வழியில் பின் பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. முன் பிரேக்கையும் அழுத்தினேன். வெண்ணெயைப் பிடித்த மாதிரி இருந்தது. பனைமரம் பக்கத்தில் வந்தது, போயிற்று. "திருப்புடி! திருப்பு!" என்று அவள் கத்துவது கேட்டது. அடுத்ததாக நான் சேற்றில் இடது கையை ஊன்றி விழுந்து கிடந்தேன். மணிக்கட்டு கோணலாக இருந்தது.

என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவள் வண்டியைப் பார்த்தாள். சக்கர விளிம்பில் விரலைத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"அய்ய! நல்லெண்ணடி இது! இன்னா, சக்கரத்துக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்னீங்களா உங்க வூட்ல?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவுகிற அம்மா, அதே கையோடு சக்கரத்துக்கும் தடவியிருக்கிறாள். எந்த விளிம்பைப் பிரேக் கட்டை கவ்வ வேண்டுமோ, அதே விளிம்புக்கு. சைதாப்பேட்டையிலேயே ஒரு டாக்டரிடம் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, வண்டியை ஆட்டோவில் எங்கள் முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு திரும்பினோம். வழி முழுக்க, 'உன்னாலதான், உன்னாலதான்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா வாசலில் நின்றாள். என் மாவுக்கட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்திக்குத்தானேடி அவ்வளவு சிரத்தையா பூஜை பண்ணினேன்! திருஷ்டி கழிச்சேன். எலுமிச்சம்பழம் வெச்சேன். எங்கே குறை வெச்சேன்னு தெரியலையே!"

"ஈரத்துல வழுக்கிடுத்தும்மா. நான்தான் வேகமாப் போயிட்டேன்" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ சொன்னது சொன்னதுதான். நாளைக்கு மாம்பலத்துக்குப் போன் பண்ணிடறேன்."

நான் தலையாட்டினேன். வண்டி போகப் போகிறது. ஆனாலும் அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் தோழிக்கு அந்த மாதிரி சங்கடம் எதுவும் இல்லை.

"மாமி, அவ பொய் சொல்றா. அவ ஒண்ணும் வேகமா வர்ல. சக்கரத்துல எண்ண தடவிக்கீறீங்க. அப்பறம் பிரேக்கு எப்பிடி மாமி புடிக்கும்?"

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து, ஆற்றங்கரையில் அவள் செய்த மாதிரியே விளிம்பில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். சமையலறையில் அழுகிறாள் என்று நினைத்தேன். "ஏண்டி சொன்னே?" என்று தோழியின் மேல் எரிந்து விழுந்தேன். "பின்ன? நாளிக்கு உன் வண்டி மாம்பலத்துக்குப் போய்க்கினு இருக்கும், நீ பாத்துக்கினு இருப்பியா?" என்றாள் அவள்.

அம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் வெந்நீர் வாளி, மறு கையில் சீயக்காய்த் தூள் டப்பா. இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு முற்றத்தில் வண்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். தேங்காய் நாரை எடுத்து ஊறவைத்தாள். தோழியிடம், "எங்கெங்கே தேய்க்கணும்னு நீயே சொல்லு" என்றாள். பிரேக் ரப்பரைக் கழற்றி வெயிலில் வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அதையும் செய்தார்கள். நான் கட்டுப் போட்ட கையோடு, முந்தின நாள் சுண்டலைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சக்கரத்துக்கும் மூன்று தடவை சீயக்காய்.

சாயங்காலம் ரப்பரை மாட்டியதும் அம்மா வண்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கினாள். மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "பிடி" என்றாள். தோழி பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் சட்டென்று நின்றது. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் சுற்றினாள், மறுபடியும் நின்றது.

வண்டியைக் கீழே இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "கட்டு எப்போ பிரிப்பாளாம்?" என்று கேட்டாள்.

ஆறு வாரம் என்றேன்.

"ம். அதுக்குள்ள நன்னாக் காஞ்சுடும்" என்று சொல்லி, வண்டியை மாடிப்படிக்கு அடியில் அம்மாவே கொண்டுபோய் நிறுத்தினாள்.