சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் காயப்போட்டவன்

எங்கள் டென்மார்க் ராஜாக்கள் நாட்டைக் கட்டிக்காத்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நார்வேயைப் பறிகொடுத்தார்கள். தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு விற்றார்கள். கடைசியில் சண்டையில் தோற்று, தெற்கே ஸ்லெஸ்விக் சீமையில் இருந்த எங்களையும் ஜெர்மன்காரனிடம் விட்டுவிட்டார்கள்.

அதில் நாசமாய்ப் போனவன் என் பக்கத்து வீட்டு நிஸ். ஜெர்மன் படையில் சேர மாட்டேன் என்று அவன் அப்பா டேனிஷ் குடியுரிமை வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். வினை மகன் தலையில் விடிந்தது. ஜெர்மன் சட்டம் அவனை அந்நியன் என்றது. டென்மார்க்கோ, எங்கள் மண்ணில் பிறக்காதவன் எங்கள் ஆள் இல்லை என்றது. ஜெர்மன் போலீஸ்காரன் முகம் சுளித்தால் போதும், எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், டென்மார்க்குக்குத் துரத்திவிடலாம். பாவம், வாயைத் திறக்காமல் காலம் தள்ளினான்.

அவன் மனைவி கெஸ்டீன் நிறைமாதமாய்ப் படுக்கையில் கிடந்தாள். அதனால் நிஸ்ஸே துணி துவைத்தான். இங்கே எந்தப் பெண்ணும் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே கயிற்றில் போட மாட்டாள். ஜெர்மன்காரன் தடை போட்ட டேனிஷ் கொடியின் நிறமாயிற்றே! ஆம்பிளைக்கு அது எங்கே தெரியும்? இரண்டு வெள்ளை விரிப்புக்கு நடுவே அவளுடைய சிவப்புப் பாவாடையைத் தொங்கவிட்டிருந்தான்.

"அட பாவி மனுசா, எடுடா அதை!" என்று ஓடினேன்.

"ஏன்க்கா, நல்லாத்தானே அலசியிருக்கேன்?"

வேலிக்கு வெளியே போலீஸ்காரன் நின்றிருந்தான்.

"என்னடா, கொடி ஏத்துறியா? நாளைக்குள்ள ஆத்தைத் தாண்டிடணும்."

"ஐயா, அது என் பொஞ்சாதி பாவாடைங்க! புள்ள பொறக்குற வரைக்குமாவது விடுங்க. உங்க கால்ல விழுறேன்."

"உன் ராஜா கால்ல போய் விழு."

மறுநாள் காலையில் கெஸ்டீனுக்கு வலி கண்டது. அவள் அலறும்போதே அவனை இழுத்துப் போனார்கள். "அக்கா, பொறந்ததும் கரைக்கு வந்து சத்தம் போட்டுச் சொல்லுக்கா!" என்று திரும்பித் திரும்பிக் கத்தினான்.

அடுத்த நாள் குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன குழந்தைக்கா?"

"பொண்ணு!"

தொப்பியைக் கழற்றி வீசிக் குதித்தான். கடவுளே, அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது.

"கெஸ்டீன் எப்படியிருக்கா?"

அந்த வெள்ளை விரிப்பில் ஒன்றால் அவளை முகத்தோடு மூடிவிட்டுத்தான் வந்திருந்தேன். சின்ன ஆறுதான், நான் அழுதது அவனுக்குக் கேட்டுவிட்டது.