நசுங்காத எலுமிச்சம்பழம்

முன்சக்கரத்தின் அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. கற்பூரம் காட்டி, அத்தான் ஜீப்பைப் பைய உருட்டினார். புது டயரின் கட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் பழம் செருகிக்கொண்டு, முழுசாக மேலேறி வந்தது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவே குனிந்து அந்த டயரைப் பார்த்தது. அத்தையின் முகம் செத்துவிட்டது. எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அத்தான் என் அத்தை மகன். மஸ்கட்டிலிருந்து வந்தவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கி நிறுத்தினார். தூக்கிய வண்டிக்குப் பழைய டயர் கோழிக்கால் மாதிரி இருக்கிறதென்று பெரிய டயர் வாங்கினார். வண்டியைத் திருப்பினால் அது உள்பக்கம் உரசியது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே வைக்க ஸ்பேசர் என்று தடித்த அலுமினிய வட்டுகள் வந்தன. சக்கரம் வெளியே தள்ளி நின்றதும் மட்கார்டு உரசியது, அதையும் அறுத்தார். இத்தனைக்கும் பட்டறையில் கூடவே நின்றவர் என் அப்பா. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வீட்டில் வாயே திறக்காதவர். நான் கார் வாங்கியபோது நாலு பழமும் ஒழுங்காக நசுங்கின. அப்பா "ம்" என்றார். பின்சீட்டில் ஏறித் தூங்கிப்போனார். அதே மனிதர் பட்டறையில், "மாப்ள, கொஞ்சம் ஓடின பொறவு ஸ்பேசர் நட்டை இன்னொரு மட்டம் முறுக்கிரணும், கேட்டீரா?" என்று அத்தானிடம் ஓயாமல் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை நானா, அவரா?

அதனால்தான் பழம் சிக்கியதில் அத்தனை சந்தோஷம். அப்பா இனி அதில் ஏறமாட்டார் என்று நம்பினேன். "அண்ணே, சகுனம் சரியில்ல. இன்னைக்கு மணிமுத்தாறு அணை பாக்கப் போவாண்டாம்" என்றாள் அத்தை. அப்பா குனிந்து பழத்தைப் பிடுங்கி வேட்டியில் துடைத்தார். "பள்ளம் பெருசு, பழம் சிறுசு. இதுல சகுனம் எங்கன இருக்கு? ஏலே, உப்புப் போட்டு ஜூஸ் போட்டுக் கொண்டா" என்று என் கையில் கொடுத்தார். பிழிந்து கொடுத்ததும் நான்தான். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முக்காலி போட்டு முன்சீட்டில் ஏறினார்.

"மாப்ள, ரோடு பழையபடி தெரியுதுவே!"

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. பஸ்ஸின் டிரைவர் சீட்டு உயரம் அது. என் காரில் என்ன வைத்தாலும் அந்த உயரம் வராது.

அத்தான் ஜீப்பை விற்றுவிட்டு மறுபடி மஸ்கட் போய்விட்டார். அப்பாவின் முழங்கால் இப்போது முக்காலிக்கு இணங்காது. என் தாழ்வான கார்தான் அவருக்குத் தோது. முன்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். ஜெயித்தது நான்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் முக்கூடலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகையில், உயரமான ஜீப் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. தூங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தார்.

"ஸ்பேசர் போட்டிருக்கான். அந்த டயர்லயும் பழம் நசுங்காது" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார்.

நான் ஓங்கி ஹாரன் அடித்தேன். முன்னால் ரோட்டில் யாருமே இல்லை.